துரை கல்லில் டிரைவர் சன்னாசி

தோட்டத்து வெள்ளைக்காரத் துரை செத்த இடத்தில் ஒரு கல் நட்டிருந்தார்கள். பேராக் மாநிலத்தில் சுங்காய் ஊருக்கு உள்ளே, கித்தா என்கிற ரப்பர் மரங்களுக்கு நடுவில், செம்மண் பாதை திரும்புகிற இடம். மலாயாவில் பிரிட்டிஷார் அறிவித்த அவசரகாலத்தில் கம்யூனிஸ்டுகள் அங்கே பதுங்கியிருந்து ஜீப்பைச் சுட்டார்கள். துரை அங்கேயே போய்விட்டார். ஜீப்பை ஓட்டிய சன்னாசி, வயிற்றில் குண்டோடு துரையின் உடலை ஆபீஸ் வாசலில் கொண்டுவந்து சேர்த்துவிட்டுத்தான் உயிரை விட்டான். கல்லில் துரையின் பெயர், பட்டம், பிறந்த ஊர் எல்லாம் இருந்தன. சன்னாசி இல்லை. குண்டு பார்க்காத வித்தியாசத்தைக் கம்பெனி பார்த்திருந்தது.

அந்தக் கல்லைச் சுற்றிக் கூட்டிப் பெருக்கி, துரை செத்த நாளில் மாலை போட வேண்டியவள் யார் தெரியுமா? சன்னாசியின் மகள், அதே தோட்டத்தில் கூலிவேலை செய்கிற பாப்பா. ஆபீஸ் உத்தரவு. எழுபத்தாறாம் வருஷம், ஈப்போவில் நடக்கிற பேராக் சரித்திரக் கண்காட்சிக்குக் கல்லைக் கேட்டார்கள். சனிக்கிழமை லாரி வருகிறது என்றார்கள்.

பாப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. கல் தோட்டத்துக்குள் இருக்கும்வரை, பார்க்கிறவர்களிடம் அப்பாவைப் பற்றி வாயால் சொல்லிவிடலாம். ஈப்போவில் யார் சொல்வது? அங்கே எழுதியிருப்பதுதான் சரித்திரம். சன்னாசி என்று ஒருவன் பிறக்கவே இல்லை என்றாகிவிடும்.

தோட்ட ஆபீசில் கணக்கெழுதுகிற பெரிய கிராணி ஞானசேகரத்திடம் போய் நின்றாள்.

"எங்கப்பா பேரயும் போடச் சொல்லுங்கய்யா."

"மேலிடத்தில ஒத்துக்கொள்ளமாட்டினம் பிள்ளை. எனக்கும் பென்ஷன் வாற நேரம்," என்றார் அவர். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கே உரிய பயம் அவருக்கும் இருந்தது.

சனிக்கிழமை காலை, மரங்களுக்கு நம்பர் போடுகிற சிவப்புச் சாய டின்னைத் தூக்கிக்கொண்டு பாப்பா கல்லுக்குப் போனாள். அந்தத் தோட்டத்தில் மரத்துக்குக்கூட நம்பர் உண்டு! துரையின் பெயருக்குக் கீழே எழுதினாள்: டிரைவர் சன்னாசி.

லாரி வந்தது. கூடவே வந்த ஈப்போ கண்காட்சி அதிகாரி குனிந்து பார்த்து, "என்ன எழுதியிருக்கிறது?" என்று மலாயில் கேட்டார். அவருக்கும் தமிழ் தெரியாது, பக்கத்தில் நின்ற தோட்ட மானேஜருக்கும் தெரியாது. இருவரும் கிராணியைப் பார்த்தார்கள்.

ஞானசேகரம் மலாயில் ஐயா போட்டு மரியாதையாகச் சொன்னார்: "சாமி பேர், துவான்."

அதிகாரி சட்டென்று விலகிக்கொண்டார். "சாமி விஷயம் என்றால் தொட வேண்டாம். அப்படியே ஏற்றுங்கள்."

கிராணி கண்ணால் பாப்பாவைக் கெஞ்சினார். கூட வேலை செய்கிற ஐயாவு காதோடு சொன்னான்: "பேசாம இருங்கக்கா. பேரு ஈப்போ போய்ச் சேரட்டும்லா."

வாயை மூடிக்கொண்டால் போதும், காரியம் முடிந்தது. ஆனால் பாப்பாவுக்குச் சுர்ரென்று ஏறியது. செத்த பிறகும் அப்பா ஒளிந்துகொண்டா போக வேண்டும்?

"சாமி இல்ல, துவான்," என்றாள் தனக்குத் தெரிந்த கடைத்தெரு மலாயில், தொழிலாளர் குடியிருக்கிற லயம் வரைக்கும் கேட்கிற மாதிரி. "எங்கப்பா. டிரைவர். வயித்துல குண்டோட இந்தத் துரைய ஆபீசுக்குக் கொண்டாந்தவரு."

மானேஜர் மண்ணெண்ணெய்த் துணியை ஐயாவுவிடம் நீட்டினார். ஐயாவு கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். மானேஜரே குனிந்து துடைத்தார். அவர் நிமிர்வதற்குள் பாப்பா குந்தி, முன்னைவிடப் பெரிதாக எழுதினாள். மறுபடி துடைத்தார். மறுபடி எழுதினாள். அவருடைய வெள்ளைச் சட்டை முழங்கைவரை சிவந்துபோனது.

"உனக்கு இனி இங்கே வேலை இல்லை!" என்று கத்தினார்.

"போவட்டும் சார். நீங்க தொடைங்க, நான் எழுதறேன். யாரு கை ஓயுதுன்னு பாப்போம்."

அதிகாரி கிராணியின் பக்கம் திரும்பினார். "இவள் சொல்வது உண்மையா?"

ஞானசேகரம் மானேஜரைப் பார்க்கவில்லை. "உண்மை, துவான். நான்தான் பொய் சொன்னேன்."

அதிகாரி லாரிப் படியில் உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்தார். "சாயம் காயட்டும். பிறகு ஏற்றலாம்."

பாப்பா நன்றி சொல்லவில்லை. காயும்வரை பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி, மானேஜருக்கும் கல்லுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள்.