படகுத்துறையில் காத்திருந்தவர்

வெளியீட்டுத் தேதி இரண்டு முறை தள்ளிப்போன பிறகு, கணினி விளையாட்டிலிருந்து இன்னும் முடியாத வடதீவை எடுத்துவிடுவது என்று இயக்குநர் குசாகாபே முடிவு செய்தார். ஓசாகாவின் அந்தச் சிறு நிறுவனத்தில் இரண்டு ஆண்டுகளாக அந்தத் தீவைக் கட்டியவள் மிபு கனாயே. எடுக்கும் வேலையும் அவளுக்கே வந்தது.

எடுப்பது என்றால் அழிப்பது அல்ல. விளையாட்டு முழுவதற்கும் கடல் எப்போது ஏறும், எப்போது வடியும் என்று கணக்கிடுவது தீவின் கலங்கரை விளக்கம்தான். அதைப் பிடுங்கினால் தெற்கே மீன்சந்தை மூழ்கிவிடும். ஆகவே தீவு உள்ளேயே இருக்கும், போகும் வழியை மட்டும் அடைக்க வேண்டும். கனாயே படகை நிறுத்தி, துறையில் 'இன்று படகு இல்லை' என்று ஒரு பலகை வைத்தாள். அலை அதிகமானால் எந்தத் துறையிலும் தொங்கும் பலகை அது. யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

மறுநாள் காலை, பிழை தேடும் கூகா அவள் மேசைக்கு வந்தான்.

"மிபு சான், உங்க துறையில ஆரஞ்சுக் கூடையோட ஒருத்தர் உக்காந்திருக்காரு. விளையாட்டுல மூணு நாள் ஓட்டிப் பாத்தேன், எந்திரிக்கவே இல்ல. மழையிலகூட."

"தீவுல இருக்கிற மகளைப் பாக்கப் போறவரு. படகு வந்தாத்தான் எந்திரிப்பாரு."

"பலகையைப் படிக்க மாட்டாரா?"

"அதை நான் சொல்லிக்குடுக்கலையே."

"நம்ம தேதியை நம்பிக் காத்திருக்கறவங்கள்ல ஒருத்தருபோல," என்று சொல்லிவிட்டு, கூகா அதையும் பிழைப் பட்டியலில் சேர்த்தான்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் குசாகாபே எல்லோருக்கும் முன்னால் தலை குனிந்தார். ஆட்டத்தைச் சேமிக்கும்போது எங்கோ தகவல் தொலைகிறது. தேதி இன்னும் இரண்டு மாதம் தள்ளிப்போகிறது என்றார். தீவை முடிக்க ஆறு வாரம் போதும் என்று கனாயே மனதுக்குள் கணக்குப் போட்டாள். கூட்டம் கலைந்ததும், தீவைத் திரும்பச் சேர்க்கலாமா என்று அவரிடம் கேட்டாள்.

"எந்த வயசுக்காரங்க ஆடலாம்னு முத்திரை குத்தறவங்களுக்கு அனுப்பியாச்சு மிபு சான். தீவு இல்லாத விளையாட்டைத்தான் அவங்க பாத்திருக்காங்க. புதுசா ஓர் இடத்தைச் சேத்தா மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். என்னால முடியாது. மன்னிச்சுடுங்க."

அவர் கண்ணுக்குக் கீழும் கறுத்திருந்தது.

கனாயே இருக்கைக்குத் திரும்பி, துறையில் இருந்தவருக்குப் பலகையைப் படிக்கக் கற்றுக்கொடுத்தாள். படித்துவிட்டு, வெயில் சாயும்வரை உட்கார்ந்திருந்து, கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

ஓட்டிப் பார்த்தாள். போனார். மறுநாள் விடிந்ததும் அதே கூடையோடு திரும்பி வந்தார். அதையும் மாற்ற நிரலில் ஒரே ஒரு வரி போதும். அவள் அதைத் தொடவில்லை. பிழை சரியாகிவிட்டதென்று கூகாவுக்கு எழுதிவிட்டுத் தேநீர் எடுக்கப் போனாள்.