பூக்குழிக்குப் பிறகு ஓர் இறுதி ஆட்டம்

மகளிர் கால்பந்து லீக்கில் மாரிசெல்வியின் கிளப் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டால் அவள் பூக்குழி இறங்குவாள் என்று வேண்டிக்கொண்டது அவளுடைய அம்மா வேலுத்தாய். மகளிடம் கேட்கவில்லை. மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து சாமி படத்துக்குக் கீழே கட்டிவிட்டு, அதன் பிறகுதான் போனில் சொன்னாள். மாரிசெல்வி சிரித்தாளாம். அப்போது அவர்கள் அணி கடைசிக்கு ஒரு படி மேலே இருந்தது.

பங்குனியில் எங்கள் தெரு மாரியம்மன் கோவிலில் காப்புக் கட்டிய வாரம் அவர்கள் அரையிறுதியில் ஜெயித்தார்கள். இறுதி ஆட்டம் சென்னையில், சனிக்கிழமை. பூக்குழி அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை.

மம்சாபுரத்தில் நாங்கள் அடுத்தடுத்த வீடு. பள்ளிக்கூட அணியில் அவள் முன்னால் ஓடுவாள், நான் பின்னால் நின்று தடுப்பேன். அவள் சம்பளத்துக்கு விளையாடப் போய்விட்டாள். எனக்குப் பகலில் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி கம்பெனி வேலை, சாயங்காலம் ராஜபாளையத்தில் டேலி கணக்கு வகுப்பு. நாங்கள் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள். பூக்குழியைப் பற்றி நான் ஏதாவது சொல்வது முறையா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. அதனால் பார்த்ததை மட்டும் வரிசையாகச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று கிளப்பில் பொய் சொல்லி லீவு வாங்கிக்கொண்டு வந்தாள் மாரிசெல்வி. வந்ததும் அம்மாவிடம் கேட்டாள்.

“யம்மா, ஃபைனல் முடியட்டும். அடுத்த வருசம் எறங்குதேன்.”

“நேத்திக்கடன வச்சுக்கிட்டா ஆடப் போவ? ஆத்தா சும்மா பாத்துக்கிட்டு இருப்பாளா?”

“காலு முக்கியம்மா எனக்கு.”

“காலக் குடுத்தது யாருட்டி?”

மாரிசெல்வி என் பக்கம் திரும்பிச் சொன்னாள்: “ஜாஸ்மினு, ஃபைனல்ல நல்லா ஆடுனாத்தான் அடுத்த சீசனுக்கு ஒப்பந்தம் போடுவாங்க. இல்லன்னா நானும் ஒங்கூட பேண்டேஜ் சுத்த வர வேண்டியதுதான். எடம் புடிச்சு வையி.”

மஞ்சள் சேலையில், வேப்பிலைக் கொத்தோடு அவள் இறங்கினாள். மற்றவர்களைவிட வேகமாகத்தான் கடந்தாள். அவளுக்கு முன்னும் பின்னும் இறங்கியவர்கள் கூமாப்பட்டிக் காட்டில் களையெடுக்கிற பெண்கள். அவர்களுடைய உள்ளங்காலில் முள் தைத்தாலும் தெரியாது. இவள் மூன்று வருடமாகக் காலுறையும் பூட்ஸுமாக இருந்தவள். அவளுடைய பாதம் பிள்ளைப் பாதம் மாதிரி ஆகியிருந்தது. வீட்டுக்குள் வேலுத்தாய் அவள் காலைத் திருப்பிப் பார்த்தபோதுதான் எனக்கே இது உறைத்தது. இரண்டு உள்ளங்காலிலும் தோல் உப்பி, இடது காலில் கிழிந்தும் போயிருந்தது.

வேலுத்தாய் வலிக்கிறதா என்று கேட்கவில்லை.

“கேம்ப்ல முட்டை தின்னியா?”

“தின்னேன்.”

“காப்புக் கட்டுன பொறவுமா?”

“ஓடணும்லா. வெறுஞ்சோத்தத் தின்னுட்டு எப்படி ஓட?”

வேலுத்தாய் எழுந்துபோய்த் தெருக்கதவைச் சாத்தினாள். எங்கள் தெருவில் நெருப்பு சுடாது. சுட்டால் விரதத்தில் குறை என்று அர்த்தம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். என் குரலே எனக்குக் கேட்டதா என்று சந்தேகம், அதனால் இன்னொரு முறை சொன்னேன்.

“போற வழியில எம்புட்டுப் பேரு கேப்பாவ? வயசுப்பிள்ள ஊரு ஊராப் போயி டவுசர் போட்டு ஆடுது, காலு வெந்துட்டுன்னா என்ன பேசுவாவ தெரியுமா? நீங்க வேதக்காரவுக, ஒனக்கு இது வெளங்காது ஜாஸ்மினு.”

மஞ்சளும் எண்ணெயும் குழைத்துப் பூசினாள். நான் கம்பெனியிலிருந்து வலைத்துணி கொண்டுவந்து கட்டினேன். நாளெல்லாம் அந்தத் துணியை மடிக்கிறேன். ஒரு புண்ணின் மேல் அதைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. மறுநாள் கட்டை மாற்ற எடுத்தபோது துணி சதையோடு ஒட்டியிருந்தது. மாரிசெல்வி சேலை முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

சென்னைக்குக் கிளம்பும்போது ரயிலடியில் வலது குதிகாலை மட்டும் ஊன்றி நின்றாள். கோச்சிடம் சொல்லிவிடு என்றேன்.

“பூட்ஸ் கடிச்சிட்டுன்னு சொல்லிக்கிடுதேன். நெசத்தச் சொன்னா பெஞ்சுல உக்கார வச்சிருவாவ. நீ எதுவும் போன் கீன் போட்ட, ஒங்கூடப் பேசவே மாட்டேன்.”

நான் போன் போடவில்லை.

சனிக்கிழமை வினோத் ரேஷன் கடைக்கு முன்னால் பெரிய டிவி வைத்தான். தெருவில் விளையாட்டுக் காரியம் எதுவானாலும் அவன்தான் முன்னால் நிற்பான். மின்கம்பத்தில் மாரிசெல்வியின் படம் போட்ட ஃப்ளெக்ஸும் கட்டியிருந்தான். கால்பந்தே பார்த்திராத பெண்கள்கூடப் பாயோடு வந்து உட்கார்ந்தார்கள். வேலுத்தாய்க்கு முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள்.

மாரிசெல்வி இடது ஓரத்தில் ஆடினாள். அந்த ஓரத்துக்கு வந்த பந்துகளை எப்போதும் பாய்ந்து எடுப்பாள். அன்று இரண்டு எட்டு வைத்து நின்றுவிட்டாள்.

“ஏலே, மாரி என்ன சந்தைக்குப் போறவ மாதிரி நடக்கா?” என்றான் வினோத். எல்லோரும் சிரித்தார்கள்.

“ஏ.சி.யில படுத்துப் பழகிட்டாள்லா, வேர்க்கப் பயம்” என்றாள் பின்னாலிருந்த வெள்ளத்தாய். எங்கள் தெருவில் வருடா வருடம் பூக்குழி இறங்குகிறவள் அவள். அதற்கும் சிரித்தார்கள். வேலுத்தாயும் சிரிக்க முயன்றாள்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அந்தப் பந்து வந்தது. எதிரணி கோல்கீப்பர் விழுந்து கிடந்தாள். வலை திறந்திருந்தது. மாரிசெல்வி இடது காலை ஊன்றி வலது காலை ஓங்கினாள். ஊன்றிய கால் மடங்கியது. பந்து அவள் முழங்காலில் பட்டு வெளியே உருண்டது. அவள் எழவில்லை.

மருத்துவப் பெண் ஓடிவந்து பூட்ஸைக் கழற்றினாள். கேமரா கிட்டே போனது. வெள்ளைக் காலுறையின் அடிப்பாகம் முழுக்க மஞ்சளும் சிவப்புமாக ஊறியிருந்தது. காயம் எப்படி ஏற்பட்டது என்று தெரியவில்லை என்றார் வர்ணனையாளர். மெதுவாக ஒரு முறை காட்டினார்கள், பிறகு மறுபடியும் காட்டினார்கள். வினோத் சத்தத்தைக் குறைத்தான்.

“விரதம் சுத்தமில்ல” என்றாள் வெள்ளத்தாய், மெதுவாகத்தான்.

வேலுத்தாய் எழுந்து வீட்டுக்குப் போனாள். யாரையும் வழிவிடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவர்களாகவே ஒதுங்கியிருந்தார்கள்.

ஒரு கோலில் தோற்றார்கள். மறுநாள் காலை மின்கம்பத்தில் கயிறு மட்டும் இருந்தது.

கிளப் அவளை ஊருக்கு அனுப்பிவிட்டது. புண்ணில் சீழ் வைத்துக் காய்ச்சல் கண்டிருந்தது. இப்போது ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டுமாம். மறுபடி ஓட முடியுமா என்று கேட்டதற்கு, முதலில் நடக்கட்டும் என்றார் டாக்டர். கோச் போன் செய்தார். தோற்றதற்குத் திட்டவில்லை. காயத்தை மறைத்த பிள்ளையை நம்பி எப்படி ஒப்பந்தம் போடுவது என்று கேட்டாராம். அதை என்னிடம் சொல்லும்போது மாரிசெல்வி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எடம் புடிச்சு வச்சிருக்கியா?” என்றாள்.

பேண்டேஜ் கம்பெனியைத்தான் கேட்கிறாள் என்று புரிந்தது. அங்கேயும் நின்றுகொண்டுதான் வேலை செய்ய வேண்டும். நான் சொல்லவில்லை.

நேற்று வகுப்பு முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது வேலுத்தாய் கட்டிலருகே தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மஞ்சள் துணி. அதில் ஒரு ரூபாய்.

“இப்ப என்னம்மா வேண்டிக்கிட்ட?” என்றாள் மாரிசெல்வி.

“காலு ஆறணும்னுதான்.”

“ஆறுனா?”

வேலுத்தாய் முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கினாள். கட்டிலின் கால்மாட்டுக் கம்பியில் அதைக் கட்டினாள்.

“மொதல்ல ஆறட்டும்” என்றாள்.

மாரிசெல்வி காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். கட்டு கனமாக இருந்ததால் முடியவில்லை.