வளவில் இறங்கிய மேசை

முத்தையா மேசை கேட்டு வந்த அன்று நாகேந்திரன் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தான். கோபம் அவ்வளவு பெரிது.

காரணம் ஒரு வீடியோ. கல்லூரிகளுக்கு இடையிலான கேமிங் போட்டியில், இறுதி ஆட்டத்துக்கு முன்பு அணித் தலைவனான முத்தையா நாகேந்திரனை அணியிலிருந்து தூக்கினான். தூக்கியதோடு விட்டிருக்கலாம். நேரலையில், "ஆசாரி வீட்டுக் கை மாப்ள, உளி பிடிக்கும், மவுஸ் பிடிக்காது" என்று சொல்லிச் சிரித்தான். அன்றிலிருந்து காரைக்குடியில் நாகேந்திரனுக்கு 'உளி' என்று பெயர். வருகைப் பதிவு எடுக்கும் பேராசிரியரே ஒருமுறை தடுமாறினார்.

"பழச மனசுல வச்சுக்காத மாப்ள, சும்மா வியூஸுக்காகச் சொன்னது" என்ற முத்தையா, போனில் ஒரு வெளிநாட்டு மேசையைக் காட்டினான். "மினிமலிஸ்ட். டிராயர் வேணாம், ஆணி தெரியக் கூடாது, ஒரு வயர் கண்ணுல படக் கூடாது. ஒங்க பட்டறையில நீயே கையால செய்யணும்."

"செஞ்சுட்டாப் போச்சு."

அளவெடுக்கக் கானாடுகாத்தானுக்குப் போனான். முத்தையா குடும்பத்தின் பெரிய வீடு. பங்காளிகள் ஏகப்பட்ட பேர், ஆளுக்கொரு அறை. நடுவில் தூண்கள் சூழ்ந்த முற்றமான வளவு எல்லாருக்கும் பொது. அங்கே முத்தையா கழற்றி வைத்திருந்த ஹெல்மெட்டில், அவனுக்குப் பெரியம்மா முறையான சிகப்பி ஆச்சி பூண்டைக் கொட்டி வைத்திருந்தார்.

"பெரியாத்தா! என் ஹெல்மெட்டு!"

"அறைக்குள்ள வச்சா ஒன் சாமான். வளவுல வச்சா எல்லாப் பங்குக்கும் பொது. வேணும்னா மலேசியாவுல இருக்க பங்காளி, ஒன் சித்தப்பன், அந்தச் சின்னப்பச்சியக் கேட்டுட்டு எடு."

நாகேந்திரன் அப்போது முத்தையாவின் அறைக் கதவை அளந்துகொண்டிருந்தான். குறுகலான பழைய கதவு, சிற்பம் செதுக்கிய நிலை. டேப் பாதியில் நின்றது. ஆச்சியைப் பார்த்தான். பிறகு கதவை இன்னொரு முறை, மிகுந்த அன்போடு அளந்தான்.

ஆடுகிற கால் வைத்துப் பழி வாங்குவது எளிது. ஆனால் அதையும் நேரலையில் காட்டி, 'உளியும் பிடிக்காது' என்பான். அதனால் உயிரைக் கொடுத்துச் செய்தான். இடித்த வீடொன்றின் பர்மா தேக்கை இழைத்து, கால்களுக்குப் பதில் இரு பக்கமும் முழுப் பலகை, வயரை மறைக்கப் பின்னால் ஒரு பலகை. ஆணியே இல்லாமல் பலகைக்குள் பலகையைக் கோத்து, பசையிட்டு, இனி யாரும் கழற்ற முடியாதபடி இறுக்கினான். எந்த வாக்கில் திருப்பினாலும் கதவை விட நாலு விரல் கூடுதல்.

மேசை வந்து வளவில் இறங்கியது. முத்தையா நேரலையைத் தொடங்கிவிட்டான். ஆட்கள் நிமிர்த்திப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள், கவிழ்த்தும் பார்த்தார்கள்.

"டேய், கதவ அளந்தியேடா!"

"அளந்தேன். நீ குடுத்த படத்துல கதவே இல்லையே மாப்ள."

"அப்ப பின்பலகைய அறு!"

சிகப்பி ஆச்சி வந்து மேசையைத் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "எவன்டா அறுக்குறவன்? வளவுல எறக்கியாச்சு, பொது. அறுக்கணும்னாலும் சரி, கதவு நிலையப் பேத்தெடுக்கணும்னாலும் சரி, பங்காளிக அம்புட்டுப் பேரும் கையெழுத்துப் போடணும்." நாகேந்திரன் பக்கம் திரும்பினார். "நீ செஞ்சதாப்பா? கண்ணு பட்டுரும்."

"ஆமா ஆச்சி. ஒங்களுக்குப் பிடிச்சிருந்தாச் சரி."

முத்தையா கெஞ்சினான். ஆச்சி நியாயஸ்தர், சாண் போட்டு அளந்து, ஓரத்தில் அவன் பங்கைச் சுண்ணாம்பால் கோடு கிழித்துக் கொடுத்தார். கீபோர்டு உட்கார்ந்தது. மவுஸுக்கு இடமில்லை.

அடுத்த நேரலையை ஊரே பார்த்தது. எதிரி சுடுகிறான், முத்தையா மவுஸைக் கோட்டுக்கு அப்பால் நகர்த்துகிறான், அங்கே ஆச்சியின் சீப்புச்சீடைப் பலகாரத் தாம்பாளம் தடுக்கிறது.

"கோட்டத் தாண்டாதடா!" என்று ஆச்சியின் குரல்.

திங்கட்கிழமை கல்லூரியில் முத்தையாவுக்குப் 'பொதுச்சொத்து' என்று பெயர் விழுந்திருந்தது. வீடியோவின் கீழே முதல் கமெண்ட், 'உளி' என்ற புதிய கணக்கிலிருந்து:

"ஆச்சி, ஈரத் தாம்பாளத்த வைக்காதீக. தேக்கு கறை பிடிக்கும். அவன் பக்கம் வேணா வச்சுக்கங்க."