இருமச் சொன்னார்கள்

வீடு மாற்றுபவர்களுக்குப் பீரோவும் கட்டிலும் தூக்கிப் பிழைத்தவர் அவர். வலது கவட்டையில் ஒரு வீக்கம். நின்றால் இறங்கும், படுத்துத் தள்ளினால் உள்ளே போய்விடும். குடலிறக்கம் என்று மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். ஆபரேஷனைத்தான் பேராசிரியர் தள்ளிக்கொண்டே போனார்.

"பரீட்சை வருது. இவ்வளவு நல்ல கேஸ் கிடைக்காது, முடியட்டும்."

பரீட்சையன்று காலையிலேயே திரைக்குப் பின்னால் இடுப்புக்குக் கீழே துணியில்லாமல் நிறுத்தினார்கள். மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து வீக்கத்தின் மேல் விரல் வைத்தார்கள்.

"இருமுங்க. இன்னும் பலமா."

வெளியே பெஞ்சில் இருந்த மனைவி நர்ஸிடம் கேட்டாள்: "சளியே இல்லாத மனுஷன், ஏம்மா இப்படி இருமுறாரு?"

"அதுக்குத்தானேம்மா வச்சிருக்காங்க" என்று நர்ஸ் சிரித்தாள்.

மதியத்துக்குள் வீக்கம் கல்லாக இறுகிவிட்டது. "வலி தாங்கலைங்கய்யா" என்றார்.

"இன்னும் ஒரு பொண்ணுதான் பாக்கி. பல்லைக் கடிச்சுக்கோப்பா" என்றார் பேராசிரியர்.

அந்தப் பெண் தொட்டதும் அவர் அலறிவிட்டார். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"சார், உள்ள போகலை. இருமினாலும் விரல்ல தட்டலை. குடல் மாட்டிக்கிச்சுன்னு நினைக்கிறேன். உடனே ஆபரேஷன்..."

"காலையில நானே தள்ளிப் பார்த்தேன். சுலபமாப் போச்சு. போகுமா, போகாதா? யோசிச்சுச் சொல்லு."

போன தடவை இதே பரீட்சையில் கோட்டை விட்டவள் அவள். மதிப்பெண் போட வேண்டிய பேராசிரியர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"போகும் சார்."

"தள்ளிக் காட்டு."

அவரைப் படுக்க வைத்துத் தள்ளினாள். வழிவிடவில்லை. உள்ளங்கையை வைத்து உடம்பின் பாரத்தையே இறக்கினாள். அவர் தன் மணிக்கட்டைக் கடித்துக்கொண்டார். சட்டென்று வீக்கம் மறைந்தது.

"பார்த்தியா? சொந்த புத்தி கொஞ்சம் வேணும்மா" என்றார் பேராசிரியர். அவள் தேறிவிட்டாள்.

வியர்வையில் நனைந்து கிடந்தவர் கேட்டார்: "போயிடுச்சாம்மா?"

"போயிடுச்சுங்க."

வீக்கம்தான் போனது. நெரிபட்ட குடல் அப்படியே உள்ளே போயிருந்தது. இரவெல்லாம் பச்சையாக வாந்தி எடுத்தார். டியூட்டி டாக்டர் கவட்டையைத் தடவிப் பார்த்தார். வெளியே ஒன்றும் இல்லை. "வாயுதான்" என்று ஊசி போட்டுவிட்டுப் போனார். மறுநாள் வயிறு பானையாக உப்பிய பிறகு திறந்தார்கள். குடல் கறுத்து அழுகியிருந்தது. பொழுது சாய்வதற்குள் உயிர் போய்விட்டது.

"ரொம்ப லேட்டாக் கொண்டுவந்துட்டீங்க" என்று பேராசிரியர் மனைவியிடம் சொன்னார்.

"பரீட்சை பரீட்சைன்னு வாரக்கணக்கா இங்கதானே சார் படுக்க வச்சிருந்தீங்க?"

அவர் நடையைக் கட்டினார். பின்னால் வந்த மாணவியின் கையை மனைவி பிடித்துக்கொண்டாள்.

"நீதானேம்மா நேத்துப் பரீட்சையில கடைசியாப் பார்த்தே? ரொம்ப வலிச்சுதா அவருக்கு?"

மாணவி பேராசிரியரின் முதுகைப் பார்த்தாள்.

"இல்லம்மா. வலிக்கவே இல்லைன்னு சொன்னாரு."

கையை விடுவித்துக்கொண்டு பேராசிரியர் பின்னால் வேகமாக நடந்தாள்.