ஒரு பல் முன்னே

ஒரு பல், சக்கரத்தில் ஒரே ஒரு பல் தள்ளி மாட்டினால் போதும், அப்புறம் யார் வந்து குனிந்து பார்த்தாலும் செயின் செயினாகத்தான் தெரியும்... என்று ஓடின நினைப்பை அங்கேயே நிறுத்திவிட்டு ஏனோக், அறுந்துபோன பழைய செயினை மண்ணெண்ணெய்த் தட்டிலிருந்து தூக்கி, நேற்று பவுரிங்பேட்டை ரயிலில் வந்திறங்கிய புதுசின் பக்கத்தில் நீட்டிவைத்து நீளம் பார்த்தான், சரியாகத்தான் இருந்தது, மதராஸ்காரன் சரியாகத்தான் அனுப்பியிருக்கிறான், இனிமேல் தப்பு நடந்தால் அது இந்தக் கையின் தப்புதான். ஞாயிற்றுக்கிழமை, கோயில் விட்டு வந்து கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டின கையோடு உட்கார்ந்தது, வேப்பமர நிழல் சுருங்கிக்கொண்டே வந்தது, அந்த நிழலுக்குள் டாக்டர் துரையின் மோட்டார் வண்டி மூடியைத் திறந்து வயிற்றைக் காட்டிக்கொண்டு நின்றது. சொந்த வண்டி எதையும் கம்பெனிப் பட்டறைக்குள் விடக்கூடாது என்று ஆர்டர், அதனால் மாடு கட்டி இழுத்துவந்து ஃபிட்டர் ஏனோக் வீட்டு வாசலில் விட்டுவிட்டார்கள், வண்டியோடு தசரதனையும். அவனை எதற்கு அனுப்பினார் துரை, வேறு ஆளா இல்லை... ஆனால் வண்டி ஓட்டுகிறவன் அவன்தானே, ஹேண்டில் சுற்றிக் கிளப்புகிறவனும் அவன்தானே, அவன் வராமல் யார் வருவார்கள்.

ஹேண்டில், அதுதான் விஷயம். இந்தச் சின்ன செயினுக்கு என்ன பெரிய வேலை, எஞ்சின் சுற்றுகிற சேதியை, பொறி கொடுக்கிற மேக்னெட்டோவுக்குக் கொண்டுபோகிறது, பிஸ்டன் மேலே வந்தாச்சு, இப்போ பொறியை விடு என்று சொல்கிறது, அவ்வளவுதான். பல் மாறினால் சேதி முந்திப்போகும், பிஸ்டன் ஏறிக்கொண்டிருக்கும்போதே பொறி விழும், வெடி பிஸ்டனைத் திருப்பி அடிக்கும், முன்னால் குனிந்து ஹேண்டிலைச் சுற்றுகிறவன் கையில் அது கழுதை உதைத்த மாதிரி திரும்பும், மணிக்கட்டு போகும், சிலபேருக்குத் தோள்பட்டையே இறங்கியிருக்கிறது. கொஞ்சம் முந்தி, வேறொன்றுமில்லை... கொஞ்சம் முந்தி அடித்த மணிதானே பர்னபாஸைக் கொண்டுபோனது.

பர்னபாஸ் ஏனோக்கின் கூடப்பிறந்த தம்பி. தங்கச் சுரங்கத்துக்குள், ஆட்களை ஏற்றி இறக்குகிற கேஜ் வந்து நிற்கிற இடத்தில் தசரதன் அப்போது மணி அடிக்கிற ஆள், எல்லாரும் ஏறினதைப் பார்த்து மணி அடிப்பான், மேலே எஞ்சின்காரன் கேஜைத் தூக்குவான். அன்றைக்கு மணி அடித்தபோது பர்னபாஸின் ஒரு கால் கேஜுக்குள் இருந்தது, இன்னொரு கால் பாறைமேல் இருந்தது. விசாரணையில் செத்தவன் அவசரப்பட்டான் என்று முடித்தார்கள், செத்தவன் எழுந்து வந்து இல்லை என்று சொல்லவா போகிறான்... தசரதன் அதற்கப்புறம் சுரங்கத்துக்குள் இறங்கவில்லை, துரையின் குதிரை லாயத்தில் வேலைக்குச் சேர்ந்தான், குதிரை போய் மோட்டார் வந்தது, அவனும் அதோடு மாறிக்கொண்டான். ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் எதிரே வந்தால் ஏனோக் அந்தப் பக்கம் போய்விடுவான். இப்போது பார், இவன் வீட்டு வாசலிலேயே, தண்ணீர்த் தொட்டிக் கல்லின்மேல், இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அந்தக் கை. எந்தக் கையால் மணிக்கயிற்றை இழுத்தானோ, வலதுதானே, ஹேண்டில் சுற்றுவதும் வலதுதானே...

வின்னி உள்ளேயிருந்து மோர் கொண்டுவந்தாள். ஒரு லோட்டாவைப் புருஷன் பக்கத்தில் வைத்தாள், கொஞ்சம் நின்றாள், மறுபடி உள்ளே போய் இன்னொரு லோட்டாவோடு வந்து தொட்டிக்கல் ஓரத்தில் வைத்தாள். ஏனோக்குக்குச் சுருக்கென்றது. "அவனுக்கு இன்னாத்துக்கு?" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "வெயில்ல குந்திக்கினு கீறாரே," என்றாள் வின்னி, "தண்ணி கேட்டா இல்லன்னா சொல்லப்போறோம்?" கேட்கவில்லையே அவன், கேட்காமலே கொடுத்தாயே, கொழுந்தன் என்று உயிரை விட்டவளாச்சே நீ, அன்றைக்கு இந்தத் தசரதன் துக்கம் விசாரிக்க வந்தபோது கதவைச் சாத்தினவள் நீதானே... சாத்தச் சொன்னது யார், நான்தான். தசரதன் லோட்டாவை எடுக்கவில்லை, எறும்பு ஏறாமல் அதைக் கொஞ்சம் தள்ளிமட்டும் வைத்தான்.

பிளக்கைக் கழற்றின ஓட்டைமேல் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டு ஏனோக் எஞ்சினை மெதுவாகச் சுற்றினான், காற்று விரலைத் தள்ளிக்கொண்டு வந்தது, மூச்சு மாதிரி, ஆஸ்பத்திரியில் கடைசியாகத் தம்பியின் வாய்க்குப் பக்கத்தில் விரல் வைத்துப் பார்த்தபோது வராத மூச்சு... வேலையைப் பார், வேலையை. விளக்குமாற்றுக் குச்சி ஒன்றை உருவி ஓட்டைக்குள் விட்டான், குச்சி ஏறியது, ஏறியது, நின்றது, பிஸ்டன் மேலே வந்தாச்சு. இனி மேக்னெட்டோவைத் திருப்பி அதன் அடையாளத்தை நேருக்கு நேர் கொண்டுவந்து செயினை மாட்ட வேண்டும். மாட்டும்போது கை எண்ணெயில் வழுக்கியது, பல் நகர்ந்ததா நகரவில்லையா, கழற்றி மறுபடி மாட்டினான், சரியாக இருந்தது, செயினைப் பூட்டுகிற ஊசியைத் தட்டினான், மறுபடி சந்தேகம், தட்டும்போது நகர்ந்திருக்குமோ. குச்சியை விட்டுப் பார்த்தான், சரி, அடையாளத்தைப் பார்த்தான், சரி. கண் சரி என்றது, ஆனால் இந்தக் கண் யாருடைய கண், காலையிலிருந்து ஒரு பல் ஒரு பல் என்று முனகுகிற ஆளுடைய கண்தானே, அவனுக்குச் சரி என்று படுவது சரியாகத்தான் இருக்குமா... பட்டறையில் எத்தனை எஞ்சினைப் பூட்டியிருக்கிறான், ஒரு நாளும் இப்படித் தன் கையைத் தானே பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி பார்த்ததில்லை.

பிளக்கைத் திரும்பப் பூட்டி மூடியைச் சாத்தினான். சத்தம் கேட்டு தசரதன் எழுந்து வந்தான். "ஆச்சாணா? மதியத்துக்கு மேல பூதிகோட்டைக்குப் போவணும்னாரு தொர, பிரசவ கேசு ஒண்ணு, ரெண்டு நாளா இழுத்துக்கினு கீதாம்." தசரதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு முன்னால் போய்க் குனிந்தான், ஹேண்டிலைப் பிடித்தான், கட்டைவிரலையும் சேர்த்து முழுசாக வளைத்துப் பிடித்தான். அப்படிப் பிடிக்கக்கூடாது, கட்டைவிரல் மற்ற விரலோடு ஒரே பக்கம் இருக்கணும், திருப்பி அடித்தால் கை நழுவணும், தினமும் சுற்றுகிறவனுக்கா அது தெரியாது... தெரியும். அவன் ஏனோக்கை நிமிர்ந்து பார்க்கவில்லை, எஞ்சினையும் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு தோளை இறுக்கினான். ஏனோக்குக்குக் கால் தானாக நகர்ந்தது.

"உடு," என்றான்.

"இன்னாணா?"

"உடுன்றேன், தள்ளு அப்பால. நான் சுத்துறேன்."

தசரதன் விடவில்லை, ஏனோக் அவன் தோளைப் பிடித்துத் தள்ளினான், அந்த விசாரணைக்கு அப்புறம் அவனைத் தொட்டது அதுதான் முதல் தடவை, எலும்பாக இருந்தது தோள். ஏனோக் குனிந்தான், பிடித்தான், அடித்தால் அடிக்கட்டும், யார் கை மாட்டியதோ அந்தக் கையை அடிக்கட்டும், கண்ணை மூடிக்கொண்டு இழுத்தான். ஒன்றுமில்லை. மறுபடி இழுத்தான். எஞ்சின் இருமியது, பொருமியது, தடதடவென்று பிடித்துக்கொண்டது, வேப்பமரத்துக் காக்காயெல்லாம் பறந்துபோயின. கை முழுசாக இருந்தது. பல் சரியாகத்தான் விழுந்திருக்கிறது. வந்தது நிம்மதிதான், நிம்மதி என்றுதான் சொல்லணும், அதில் நிம்மதி இல்லாத ஒரு துளியும் இருந்தது, அதை அவன் தொட்டுப்பார்க்கவில்லை.

தசரதன் ஏறி உட்கார்ந்தான், சத்தத்துக்கு மேல் கத்தினான். "நீங்க எப்டி மாட்டியிருந்தாலும் நான் சுத்தியிருப்பேன்ணா." கத்திச் சொன்னதால் கோபமா அழுகையா என்று தெரியவில்லை. வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு திரும்பிப் போயிற்று.

"அவரு சுத்த வேண்டியத நீங்க எதுக்கு சுத்துனீங்க?" என்றாள் வின்னி, லோட்டாக்களைப் பொறுக்கிக்கொண்டே. "புது செயினு, இறுக்கமா இருக்கும்," என்றான். அவள் அவனைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஏனோக் சாம்பலும் மண்ணுமாகப் போட்டு விரல்களைத் தேய்த்தான், கறுப்பு போவதாக இல்லை. தசரதனிடம் ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம், எதுக்குடா முந்தி அடிச்சே என்று. விசாரணையில் துரைமார் கேட்டார்கள், ஊரில் எல்லாரும் அவரவர்க்குள் கேட்டுக்கொண்டார்கள், இவன் மட்டும் கேட்கவில்லை, பொய் சொல்வான் என்றுதான் கேட்கவில்லை என்று இத்தனை காலம் நினைத்திருந்தான்... பொய் சொல்லாமல், தெரியலணா, கை இழுத்துடுச்சு என்று அவன் சொல்லியிருந்தால்? அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்திருப்பேன்... தொட்டித் தண்ணீரில் கையை விட்டபடியே நின்றான், எண்ணெய் மெல்லப் பிரிந்து தண்ணீரில் பரவுவதைப் பார்த்துக்கொண்டு.