வேலிக்கு வெளியே நின்றவள்

ஒரு தப்பும் செய்யாதவளுக்கு என்ன விசாரணை வேண்டிக் கிடக்கிறது? ஆனாலும் இருளாயி தோட்டத்து ஆபீசில், மானேஜர் மேசைக்கு முன்னால் நின்றாள். மலாய் நாட்டில், பீடோர்ப் பக்கத்து அந்த ரப்பர்த் தோட்டம் எண்பத்தொன்றில் கைமாறியதிலிருந்தே, பழைய ஆட்களைக் கழற்றிவிடச் சாக்குத் தேடிக்கொண்டிருந்தார்கள். இவள் தானாகவே போய் மாட்டிக்கொண்டாள், என்னத்தைச் சொல்ல!

தாப்பாவில் இருந்த அவள் அக்கா செத்துப்போனதாக விடிகாலையில் ஆள் வந்தது. லீவு சொல்ல வேண்டிய இடம், ஆபீசில் பேர் பதிந்து கணக்கெழுதுகிற பெரிய கிராணி ஐயாத்துரையின் வீடு. அழுதுகொண்டே ஓடினாள். அங்கே வாசலில் வாழைமரம், பந்தல், மேளம். அன்றைக்குத்தான் அவர் மகள் தவமணிக்குக் கல்யாணம். கங்காணி முதற்கொண்டு லயத்துச் சனம் முழுக்க பந்தலுக்குள்தான் இருந்தது. சாவுச் சேதியை வாயில் வைத்துக்கொண்டு தாலி ஏறப்போகிற வீட்டுக்குள் எவள் நுழைவாள்? வேலிக்கு வெளியிலேயே நின்றாள். ஐயாத்துரை பார்த்தார். அவிழ்ந்த தலையையும் அழுத கண்ணையும் பார்த்துவிட்டு, போ போ என்று கையைக் காட்டினார். லீவு கிடைத்துவிட்டது என்று நம்பி அவள் பஸ் ஏறினாள். காரியமெல்லாம் முடித்து நாலாம் நாள் திரும்பியபோது அவள் மரங்களில் கன்ட்ராக்ட் ஆள் பால் வெட்டிக்கொண்டிருந்தான்.

தொழிலாளர் சங்கத்துப் பத்துமலைதான் சட்டத்தை எடுத்துச் சொன்னான்.

"அக்கா, ரெண்டு நாளுக்கு மேல சொல்லாமக் கொள்ளாம வராட்டி, நீங்களே வேலைய முறிச்சிக்கிட்டதா ஆயிரும். அனுகூலத் தொகையும் கெடைக்காது, வீட்டையும் காலி பண்ணனும்லா. ஆனா சொல்லத்தான் போனேன்னு காட்டிட்டா, அதுக்கும் சட்டத்துல எடம் இருக்கு. நீங்க போனத யாரு பாத்தா?"

"கிராணி ஐயா மட்டுந்தான்."

பத்துமலை தலையில் கையை வைத்துக்கொண்டான்.

மானேஜர் சீனர், தமிழ் தெரியாது. கூலிக்காரர் பேசுவதைக் கிராணிதான் இங்கிலீஷில் எடுத்துச் சொல்ல வேண்டும். அந்தத் தோட்டத்தில் என்றைக்கும் அப்படித்தான். இருளாயி வாழைமரத்தில் தொடங்கி, அவர் கை காட்டியது வரை ஒன்றுவிடாமல் சொன்னாள். ஐயாத்துரை இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டார். மானேஜர் பேனாவை எடுத்தார். வீடு போய்விட்டால் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருளாயி எந்தக் கடை வாசல் அஞ்சடி நடைபாதையில் போய்ப் படுப்பது?

"நான் சொல்லிப்போட்டன், இருளாயி. நீ வெளியில போய் நில்," என்றார் ஐயாத்துரை.

அவள் நகரவில்லை. மலாய் அவளுக்கு வரும், சந்தையில் மீன் பேரம் பேசுகிற மலாய். 'துவான், நான் வந்தேன், கிராணி பார்த்தார்' என்று நேராக மானேஜரிடமே மலாயில் போட்டு உடைத்தாள். மானேஜர் நிமிர்ந்தார். பார்த்தாயா என்று அவரும் ஐயாத்துரையை மலாயிலேயே கேட்டார்.

ஐயாத்துரைக்கு நெற்றி வேர்த்தது. பழைய ஆட்கள் என்றால் அவரும் அதில் ஒருவர்தானே. அடுத்தது தன் தலை என்று அவருக்குத் தெரியும்.

"தா நம்பாக், துவான்," என்றார்.

பார்க்கவில்லையாம்! இந்தத் தடவை இருளாயிக்கு அது நன்றாகவே புரிந்தது. மானேஜர் கையெழுத்துப் போட்டார்.

அவள் கும்பிடவில்லை, அழவுமில்லை. ஐயாத்துரையின் முகத்தையே பார்த்தாள்.

"ஒங்க பொண்ணு நல்லாருக்கட்டும்னு வாயப் பொத்திக்கிட்டு வேலிக்கு வெளியவே நின்னேன், ஐயா. அன்னைக்கே பந்தலுக்குள்ள வந்து மாரடிச்சு அழுதிருக்கணும். இந்தத் தோட்டமே எனக்குச் சாட்சி சொல்லியிருக்கும்லா."