கரையில் ஓர் ஆள்

ஆஸ்பத்திரியில் கையில் கட்டிவிட்ட பிளாஸ்ரிக் பட்டியைக் கடித்து அறுக்கப் பார்த்தார் அமிர்தநாதர். கட்டுப்பல் இரண்டு நாளாகக் கோப்பைக்குள் கிடந்தது. வெறும் பல்முரசால் மென்று மென்று பட்டி முழுக்க எச்சில்.

"விடுங்கோ மாமா. அது உங்கடை பேர் எழுதின பட்டி" என்று அன்ரனெற் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பேர் கிடந்தாத்தான் பிடிப்பாங்கள். கழட்டு பிள்ளை. ஒபிசர் வாறான்."

நடையில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. எண்பத்தெட்டு வயது மனிதர் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். சத்தம் அடுத்த அறைக்குள் போய்விட்டது. போர்வை மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது.

அன்ரனெற்றுக்கு இரண்டு பயம். முதலாவது, சாவை அவள் கண்ணால் கண்டதில்லை. இன்றைக்குத் தாண்டாது என்று டொக்டர் காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். கட்டிலருகே இருந்த கதிரையை, தனக்கே தெரியாமல், அவள் கொஞ்சம் கொஞ்சமாகக் கதவுப் பக்கம் நகர்த்தியிருந்தாள்.

இரண்டாவது பயம் அந்த வார்ட்டின் கண்ணாடிக் கதவு. மணியை அடித்து, நோயாளிக்கு என்ன முறை என்று சொன்னால்தான் அது திறக்கும். இத்தனை நாளும் அவள் 'மருமகள்' என்று சொல்லித்தான் உள்ளே வந்தாள். அந்தச் சொல் மூன்று வருடத்துக்கு முன்பே கோர்ட்டில் செத்துவிட்டது. கணவன் கிளிபோட் அவளை விட்டு பிறம்ரன் நகருக்குப் போனபோது, "எனக்கு இந்தக் கட்டில்தான் பழக்கம், நான் வரேல்லை" என்று தகப்பன் அமிர்தநாதர் ஸ்காபரோ வீட்டில் அவளோடேயே தங்கிவிட்டார். மகன் போன வீட்டில் மாமனார் இருப்பதைப் பார்த்துச் சனம் வாயில் விரலை வைத்தது. வைத்த விரலை எடுத்துக் கதைக்கவும் செய்தது. இப்போது கிளிபோட் தன் இரண்டாவது மனைவி நிரோஷினியோடு வந்துகொண்டிருந்தான். கட்டிலருகே இரண்டு பேர்தான் நிற்கலாம். அவர்கள் வந்தால் இவள் வெளியே. நேற்றுத்தான் கிழவர் அவளுடைய விரலைப் பிடித்து, "நான் இறங்கு மட்டும் நில்லு" என்று கேட்டிருந்தார். அவளும் ஓம் என்றிருந்தாள்.

'இறங்குவது' எங்கே என்பது அவளுக்குத் தெரியும். அந்தக் கதையை அவர் எத்தனையோ கிறிஸ்மஸுக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறார். மன்னாரிலிருந்து புறப்பட்ட இளந்தாரி அமிர்தநாதர், பம்பாயில் கப்பலேறி அரபுக் கரைக்குப் போகிறார். அந்தக் காலத்தில் அங்கே ராஜா அரபியாக இருந்தாலும், வெளியாள் இறங்குவதற்கு வெள்ளைக்காரன்தான் முத்திரை குத்த வேண்டும். அதற்கும் முன்னே, உள்ளூரில் ஒருவர் 'இந்த ஆள் வருவதில் ஆட்சேபனை இல்லை, நான் பொறுப்பு' என்று சொல்லியிருக்க வேண்டும். வேலை தருவதாகச் சொன்ன கொம்பனி அதை மறந்துபோனது. அரைக்காற்சட்டை போட்ட ஒபிசர் இவருடைய பாஸ்போட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உன்னைத் தெரியுமென்று உன் அரசாங்கம் சொல்கிறது. இங்கே உன்னை யாருக்குத் தெரியும்?" என்று கேட்டு, அதைப் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டான். அடுத்த துறைமுகத்திலும் இறங்க விடவில்லை. அதற்கடுத்த துறையில், தன் சரக்கை எடுக்கக் கப்பலேறிய ஓர் அரபுக் கடைக்காரன், மேல்தட்டில் பேயறைந்தவன் போலக் குந்தியிருந்த இவரைப் பார்த்தான். ஒபிசரிடம், "இவன் என்னுடைய ஆள்" என்றான்.

"அவனை எனக்குத் தெரியாது. என்னை அவனுக்கும் தெரியாது. ஏன் சொன்னவனெண்டு இண்டைக்கும் விளங்கேல்லை!" அந்த இடத்தில்தான் அவர் எப்போதும் சிரிப்பார்.

இப்போது சிரிப்பில்லை. நேற்றுப் பாதர் வந்து, நோயாளிக்கு எண்ணெய் பூசி மன்றாடும் நோயில்பூசுதலைக் கொடுத்தார். அவர் போனதும் கிழவர், "பாதர் தந்தது பாஸ்போட். அங்கை கரையிலை 'இவன் என்ரை ஆள்' எண்டு ஆர் சொல்லுறது?" என்று கேட்டுவிட்டு அழத் தொடங்கினார்.

போர்வை இன்னும் நடுங்கியது. அன்ரனெற் அதை மெல்ல விலக்கினாள். "மாமா, இது கனடா. இஞ்சை ஒருத்தரும் உங்களைப் பிடிக்கமாட்டினம். நீங்கள் சிற்றிசன்."

"அப்ப பாஸ்போட் எங்கை?"

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாய்ப் போயிற்று. அவர் தலையணைக்கடியில் துழாவினார். கட்டிலை விட்டு எழும்பப் பார்த்தார். மூச்சு விசிலடித்தது. அவள் பதறிப்போய் மணியை அமுக்கினாள்.

ஆண் தாதி மரியோ வந்தான். அவனுடைய நீல உடுப்பைக் கண்டதும் கிழவரின் கண்கள் பிதுங்கின. அன்ரனெற் ஆங்கிலத்தில் அள்ளிக் கொட்டினாள்: கப்பல், ஒபிசர், பொறுப்பு. கேட்டுக்கொண்டிருந்த மரியோ ஊசி மருந்தைக் கீழே வைத்தான்.

"நானும் அந்த அரபுக் கரையில் வேலை செய்தவன். என் பாஸ்போட்டும் முதலாளியின் அலுமாரிக்குள்தான் கிடந்தது" என்றான். "வெள்ளைக்காரன் போட்ட பூட்டு. சாவி மட்டும்தான் அரபு முதலாளிகளுக்குக் கைமாறியது."

பிறகு கட்டிலின் கால்மாட்டில் ஒபிசரைப் போல நிமிர்ந்து நின்று, உரத்த குரலில் அவளைக் கேட்டான்: "இந்த ஆளுக்கு யார் பொறுப்பு?"

கிழவர் அசையாமல் அவளைப் பார்த்தார்.

ஒரு வாக்கியம்தான். ஆனால் சொல்லிவிட்டால் அவர் இறங்கிவிடுவார். இறங்கினால் காலையில் தேத்தண்ணிக்குச் சீனி காணாதென்று சண்டை பிடிக்க வீட்டில் யார் இருக்கிறார்கள்? சொல்லாமல் விட்டால் அவர் இப்படியே மேல்தட்டில் நடுங்கிக்கொண்டிருப்பார்.

"என்ரை ஆள்" என்றாள். குரல் பிசிறியது. இன்னொரு தரம், உரத்து, "இவர் என்ரை ஆள். நான் பொறுப்பு" என்றாள்.

மரியோ தலையை ஆட்டி வழிவிடுவது போல ஒதுங்கி நின்றான்.

"நீ ஆர்?" என்று கேட்டார் கிழவர்.

அவளுக்குச் சுருக்கென்றது. "அன்ரனெற். உங்கடை மருமகள்."

"ஏன் எனக்குப் பொறுப்பு நிக்கிறாய்?"

"சும்மாதான் மாமா."

அவருடைய வாய் மெல்ல விரிந்தது. கிறிஸ்மஸ் சிரிப்பின் மிச்சம். போர்வையைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன. மரியோ ஊசியை ஏற்றிவிட்டுச் சத்தமில்லாமல் போனான். அன்ரனெற் கதிரையைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டாள். மூச்சு ஒன்று வந்து, நெடுநேரம் கழித்து அடுத்தது வந்தது. ஒவ்வோர் இடைவெளியிலும் எழும்பி ஓடிவிடலாம் போலிருந்தது அவளுக்கு. கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தாள். மத்தியானச் சாப்பாட்டுத் தள்ளுவண்டிகள் நடையில் உருளத் தொடங்கியபோது, அடுத்த மூச்சு வரவில்லை. மரியோ வந்து பார்த்து, அவளுடைய தோளைத் தொட்டுவிட்டுப் போனான். அந்தப் பட்டி மணிக்கட்டில் அறாமல் கிடந்தது. அவள் எச்சிலைத் துடைத்துவிட்டாள்.

கண்ணாடிக் கதவின் மணி அடித்தது.

அவள் நடைக்கு வந்தாள். கதவுக்கு வெளியே கிளிபோட் நின்றான். பக்கத்தில் நிரோஷினி, குளிரங்கிக்குப் பொத்தான் கூடப் போடாமல். வரவேற்பு மேசையிலிருந்த பெண், "நோயாளிக்கு நீங்கள் என்ன முறை?" என்று ஒலிவாங்கியில் கேட்டாள். கிளிபோட் தன்னுடைய லைசன்ஸை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினான். தகப்பனின் அதே பிதுங்கிய கண்கள்.

மேசைப் பெண் அன்ரனெற்றைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள். இவர்கள் யார்?"

"என்னுடைய ஆட்கள்" என்று அன்ரனெற் ஆங்கிலத்தில் சொன்னாள். "நான் பொறுப்பு."

பூட்டு விடுபட்டது. கிளிபோட் நகரவில்லை. அவளுடைய முகத்தைப் பார்த்தான், பிறகு நடையின் நீளத்தைப் பார்த்தான்.

"அப்பா...?"

பாரமான கதவு மூடப் பார்த்தது. அன்ரனெற் தோளைக் கொடுத்து அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வாரும் கிளிபோட். நிரோஷினி, நீங்களும் வாங்கோ."